தூய்மை என்னும் சொல்லும் அன்றாட வாழ்வும்

(பெருமாள்மலையில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் கூடுமிடம் பெருமாள்மலை. மலைக்குத் திருமாலின் பெயர். அடிவாரத்தில் முருகனின் பழனி. சில கல் தொலைவில், 1895இல் இயேசு சபையார் நிறுவிய செண்பகனூர்த் திருஇருதயக் கல்லூரி. பல நெறியினரும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே கடையில் தேநீர் அருந்தும் இவ்வூரில், 'கிறித்தவரின் அன்றாட வாழ்வில் தூய்மை' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். மறையுரை ஆற்றுதல் என் பணியன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. தமிழ் பயிற்றுவிப்பவள் என்ற முறையில், சொல்லின் வழியாகவே இப்பொருளை அணுக விழைகின்றேன்.

சொல்லும் பொருளும்

தமிழகத்தில் கிறித்தவம் வேரூன்றியபோது, 'தூயவர்' என்ற கருத்தைச் சொல்லத் தமிழுக்குப் பல சொற்கள் வந்து சேர்ந்தன. பழைய கத்தோலிக்கச் செபநூல்களில் 'இஸ்பிரீத்து சாந்து' என்ற போர்த்துகீசியச் சொல் அப்படியே வழங்கியது. தூயவரை 'அர்ச்சியசிஷ்டவர்' என்றனர். பெயருக்கு முன்னால் 'அர்ச்.' எனச் சுருக்கியும் எழுதினர். சீர்திருத்தச் சபையினரிடம் 'பரிசுத்தவான்' என்ற சொல் நிலைபெற்றது. பின்னர்ப் 'புனிதர்' வந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் 'தூய ஆவி' இடம்பெற்றது. 1586இல் அன்றிக் அடிகளார் தமிழில் அச்சிட்ட 'பிளோஸ் சாங்டோரும்' என்னும் நூல், பிற்காலத்தில் 'அடியார் வரலாறு' என்ற பெயரோடு மறுபதிப்புப் பெற்றது. இச்சொற்களுள் என் உள்ளம் கவர்ந்தது 'அடியார்' என்பதே. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

இங்கு ஒரு நுட்பம் எண்ணத்தக்கது. எபிரேய மொழியில் 'கதோஷ்' என்பது ஒரு சொல். 'தாஹோர்' என்பது வேறொரு சொல். முன்னது இறைவனுக்கென ஒதுக்கப்பட்டதைக் குறிக்கும். பின்னது தீட்டற்றதைக் குறிக்கும். இரண்டும் தொடர்புடையவை எனினும் ஒன்றல்ல. தமிழிலோ முன்னது 'பரிசுத்தம்' ஆயிற்று. பின்னது 'சுத்தம்' ஆயிற்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தமையால் இடைவெளி மறைந்தது. 'புனிதம்', 'தூய்மை' என்ற சொற்களும் அழுக்கு நீங்கிய நிலையையே முதலில் நினைவூட்டுகின்றன. 'இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது' என்ற கருத்து 'அழுக்கு ஒட்டாதது' என்ற கருத்துக்குள் ஒடுங்கிற்று.

மொழிபெயர்த்தோரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அவர்கள் சொல் தேடிய மண்ணில் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருந்தனர். யார் தொடலாம், யார் தொடலாகாது, எவர் கிணற்றில் எவர் நீர் முகக்கலாம் என்பவற்றை வரையறுத்த தீட்டுக் கோட்பாடு அச்சொல்லுக்குள் குடியிருந்தது. எனவே, 'தூயவராய் இருங்கள்' என்ற கட்டளை தமிழ்க் காதில் விழுந்தபோது, 'விலகி இருங்கள்' என்றும் அது கேட்டிருக்கக் கூடும். என் உரையின் மையம் இதுவே: யாருக்காக நாம் ஒதுக்கப்பட்டுள்ளோம் என்பது விவிலியத் தூய்மையின் கேள்வி, யாரிடமிருந்து நாம் ஒதுங்கி நிற்கிறோம் என்பது தீட்டின் கேள்வி. தமிழ்க் கிறித்தவரின் அன்றாட வாழ்வு இவ்விரு கேள்விகளுக்கும் இடையே நடந்த, இன்னும் நடக்கின்ற போராட்டம்.

கூலியும் தராசும்

தூய்மையைப் பற்றிய கட்டளை விவிலியத்தில் தனித்து நிற்கவில்லை. லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் அக்கட்டளையோடு தொடங்குகிறது. தொடங்கியபின் அது எங்கே செல்கிறது என்று நோக்குங்கள். வயலின் ஓரத்தை முற்ற அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. கூலியாளின் ஊதியத்தை மறுநாள் காலைவரை வைத்திருக்கலாகாது என்கிறது. பார்வையற்றவர் வழியில் தடைக்கல் வைப்பதைக் கண்டிக்கிறது. தராசும் படிக்கல்லும் மரக்காலும் நேர்மையாய் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்திருப்பவரிடம் அன்பு செலுத்தும் புகழ்பெற்ற கட்டளையும் இவ்வதிகாரத்திலேதான் உள்ளது. சடங்கு பற்றிய விதிகளும் இடையிடையே உண்டு. ஆயினும் பெரும்பகுதி வயலிலும் சந்தையிலும் நடப்பவற்றைப் பற்றியதே.

இம்மலையில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காபிக் கொட்டையும் மலைப்பூண்டும் ஒவ்வொரு பருவத்திலும் எடைக்கல்லைச் சந்திக்கின்றன. மூட்டை ஒன்றுக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று எழுதப்படும்போது, அந்த ஒரு கிலோவில் ஒரு பெண்ணின் அரைநாள் முதுகுவலி இருக்கிறது. மாலையில் தரவேண்டிய கூலி சனிக்கிழமைக்குத் தள்ளப்படும்போது, எங்கோ ஓர் அடுப்பு எரியாமல் கிடக்கிறது. ஞாயிறு காலை வழிபாட்டில் எவ்வளவு உரக்கப் பாடினோம் என்பதைவிட, சனி மாலை கூலிக் கணக்கை எப்படி முடித்தோம் என்பதே லேவியர் நூல் கேட்கும் கேள்வி.

செக்கரியா இறைவாக்கினரின் நூலின் இறுதியில் ஒரு காட்சி வருகிறது. தலைமைக் குரு தம் நெற்றியில் அணியும் பட்டத்தில் பொறிக்கப்பட்ட 'ஆண்டவருக்குத் தூயது' என்னும் தொடர், வருங்காலத்தில் குதிரைகளின் கழுத்துமணியிலும் பொறிக்கப்படும். எருசலேமின் ஒவ்வொரு சமையல் பானையும் பலிபீடக் கலம்போல் ஆகும் என்பது அக்காட்சி. சாலை எட்டாத மலையூர்களுக்குப் பொதி சுமந்து செல்லும் குதிரைகளை அறிந்தவர்கள் நீங்கள். கோவிலின் தூய்மையைக் காக்க உலகை வெளியே நிறுத்துவதன்று இக்காட்சி. கோவிலின் தூய்மை பெருகி வழிந்து, பொதிக்குதிரையையும் சோற்றுப் பானையையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது.

தச்சர் தலைவரான காப்பியம்

இக்கருத்து தமிழ் இலக்கியத்திற்கு அயலானதன்று. பெரிய புராணம் போற்றும் அடியாருள் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, மீனவர் உண்டு, நெசவாளர் உண்டு, வேடர் உண்டு. அவரவர் தொழிலே அவரவர் வழிபாட்டின் களம். 'அடியார்' என்ற சொல் என்னைக் கவர்ந்தமைக்குக் காரணம் இதுவே. அச்சொல்லில் அழுக்கைப் பற்றிய பேச்சே இல்லை. ஒருவர் யாருக்கு உரியவர் என்பதை மட்டும் அது சொல்கிறது. 'கதோஷ்' என்பதன் உட்பொருளுக்கு அணுக்கமாய் நிற்பது அதுதான்.

வீரமாமுனிவர் தேம்பாவணியில் யாரைக் காப்பியத் தலைவராக்கினார்? மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவர் வளன், அதாவது சூசை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிக்கப்பெறாத தச்சர். அற்புதம் செய்ததாகவும் அங்குக் குறிப்பில்லை. உளி பிடித்த கை, குழந்தையைச் சுமந்த தோள், இரவோடிரவாக எகிப்துக்குத் தப்பியோடிய கால் ஆகியவையே அவருடைய தூய்மை. தமிழ்க் காப்பிய மரபின் அணிகள் அனைத்தையும் ஓர் உழைப்பாளிக்குச் சூட்டிய முனிவரின் துணிவு போற்றத்தக்கது.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமன்றி எல்லாருக்கும் உரியது என்று தெளிவுபடுத்தியது. 2018இல் திருத்தந்தை பிரான்சிசு தம் ஊக்கவுரையில், பிள்ளைகளை அன்போடு வளர்க்கும் பெற்றோரிடமும், குடும்பத்தின் உணவுக்காக உழைப்போரிடமும் தூய்மையைக் காண்பதாக எழுதினார். தேம்பாவணி பயின்ற தமிழர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

வடக்கன்குளம் தரும் இரு பாடங்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் என்னும் ஓர் ஊரிலேயே நான் குறிப்பிட்ட இரு கேள்விகளும் எதிரெதிரே நிற்கின்றன.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அலுவலராய் இருந்தவர், மணமானவர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான தெலனாயின் நட்பால் கிறித்துவை அறிந்தார். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவர் காட்டிற்குச் சென்று தவமிருக்கவில்லை. அலுவலில் தொடர்ந்தார், இல்லறத்தில் தொடர்ந்தார். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார்: தாழ்த்தப்பட்டோர் எனப் பட்டவரோடு கலந்து பழகினார், உடன் அமர்ந்து உண்டார். அக்காலச் சமூகத்தில் இது சிறு செயலன்று. 1749இல் சிறைப்பட்டார், வதைகள் பல பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் விலக்கப்பட்டிருந்தது. இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே.

இது முதற்பாடம். இரண்டாவது பாடமும் அவ்வூரிலேயே எழுதப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுந்த திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களாக அமைந்தது. சாதியால் உயர்ந்தோர் எனப்பட்டவர் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில், இடையே சுவர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. பந்தியில் அனைவரோடும் அமர்ந்தவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவருக்குப் பின்வந்தோர் வழிபாட்டிலும் தனித்தமர இடம் கேட்டனர். இரு தரப்பினரும் தம்மைத் தூயவர் என்றே எண்ணியிருப்பர். ஒருவருக்குத் தூய்மை என்பது பந்தி, மற்றவருக்குச் சுவர்.

இச்சிக்கல் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே உண்டு. கொரிந்து நகரத் திருச்சபையில் செல்வர் முன்னதாகவே உண்டு களித்தனர். ஏழையர் பசியோடு நின்றனர். பவுல் அடிகள் அதனைக் கடிந்தெழுதினார். அந்தக் கொரிந்தியரைத்தான் அவர் மடலின் தொடக்கத்தில் 'தூயோர்' என்று விளித்தார் என்பது வியப்புக்குரியது. தூய்மை அவர்களுக்குப் பட்டமாக வழங்கப்படவில்லை, கடமையாகச் சுமத்தப்பட்டது.

இல்லமும் கல்லறையும்

சுவர் இடிந்துவிட்டது, இனி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கோவிலுள் இடிந்த சுவர் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நிற்கிறது. 1992இல் பாமா எழுதிய 'கருக்கு' வெளிவந்தபோது, துறவு மடத்துக்குள்ளும் சாதி குடியிருந்ததைத் தமிழுலகம் ஒரு பெண்ணின் குரலில் கேட்டது. அந்நூலைச் சமய எதிர்ப்பு நூலாகக் கருதியோர் உண்டு. என் நோக்கில், தூய்மை என்ற சொல்லைத் தீட்டிலிருந்து மீட்க முயன்ற நூல் அது.

பெண்ணாகிய நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீட்டுக் கோட்பாடு சாதியோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்து பெண்ணின் உடல்மேல் அமர்கிறது. மாதத்தில் சில நாள் விளக்கேற்றத் தயங்கும் கிறித்தவ இல்லங்கள் இல்லையா? பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் இயேசுவின் ஆடையைத் தொட்ட நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தி கூறுகிறது. பழைய விதிப்படி அத்தொடுகையால் அவர் தீட்டுப்பட வேண்டும். அவரோ கூட்டத்தின் நடுவே அவளை மகளே என்று அழைத்து அமைதியோடு அனுப்பினார். அழுக்கு தூய்மையைத் தொற்றவில்லை; தூய்மை அவளைத் தொற்றிற்று. தூய்மை இத்தகைய வலிமையுடையது என நம்புவோர்க்குச் சுவர் தேவைப்படாது. சுவர் கேட்பவர் தம் தூய்மையின் வலிமையை நம்பாதவர்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர்களே, சொற்களின் காவலர் நீங்கள். வாய்மை என்னும் அதிகாரத்தில் அகத்தின் தூய்மைக்கு வாயிலாக வாய்மையைக் காட்டினார் வள்ளுவர். நீராலும் குலத்தாலும் வராத அத்தூய்மையைத் தமிழ் என்றோ அறிந்திருந்தது. எனவே 'தூய', 'புனித' என்னும் அடைமொழிகளை உங்கள் பாடல்களில் எழுதும்போது சற்றே நின்று எண்ணுமாறு வேண்டுகிறேன். பனிபடர்ந்த சிகரத்தைத் தூயது என்பது எளிது. சேறு படிந்த காலோடு பூண்டுக்காட்டிலிருந்து திரும்பி, எல்லாரும் உண்டபின் உண்ணும் தாயைத் தூயவள் என்று எழுத எத்தனை பேர் முன்வருவோம்? சாக்கடை அள்ளும் தொழிலாளியின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, அக்கையைத் தூயது என்று பாட நம் யாப்பில் இடமுண்டா? இவற்றை எழுதும் நாளில் அச்சொல் தன் பழைய உரிமையாளரிடமிருந்து விடுபடும்.

கிறித்தவ நண்பர்களுக்கு ஒரு சொல். தூய்மையை அளக்கும் கருவிகள் நம் கைக்கெட்டும் இடத்திலேயே உள்ளன: கூலிக் கணக்கு, தராசு, பந்தி, வேலை செய்வோர்க்கு வீட்டில் தேநீர் தரும் குவளை, ஊர்க் கல்லறை. இவை ஐந்தும் நேராயின் பீடத்தில் ஏற்றும் மெழுகுதிரிக்குப் பொருள் உண்டு. பிற நெறி சார்ந்த நண்பர்களே, உங்கள் நெறிகளிலும் இதே அளவைகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். சாலைகள் கூடும் இவ்வூரில் அவற்றை நாம் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்வோம்.