மலையில் எறிவது மலையோடு நிற்பதில்லை

இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ஏறுவோம், வாருங்கள்.

பாக்குத் தோப்புகளைக் கடந்து கல்லாறு வந்ததுமே காற்று குளிரத் தொடங்கும். குன்னூர் போய்ச் சேர 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பர்லியாறில் பலாவும் மங்குஸ்தானும் விற்கும் கடைகள். சாலையோரச் சுவரில் குரங்குகள் குட்டிகளோடு காத்திருக்கும், வண்டியிலிருந்து விழப்போகும் சிப்ஸ் பாக்கெட்டுக்காக.

வண்டியை ஓரங்கட்டி, அந்தச் சுவருக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். உண்ணிச்செடிப் புதர்களுக்குள் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம், உடைந்த மதுபாட்டில். சாலையில் விழுந்தால் தூய்மைப் பணியாளர்கள் பெருக்கி எடுத்துவிடுவார்கள். சரிவில் விழுந்ததை எடுக்க இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

அதற்குள் கடமானும் காட்டெருமையும் வந்துவிடும். உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை அப்படியே தின்றுவிடும். அசைபோடும் விலங்கின் வயிற்றில் பிளாஸ்டிக் செரிக்காது. சேர்ந்து உருண்டு அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு புல் இருந்தாலும் அந்த விலங்கு மெலிந்துகொண்டே போகும். யானையின் உள்ளங்காலோ உடைந்த கண்ணாடிக்குத் தாங்காது.

மிச்சத்தை மழை அடித்துச் செல்கிறது. இந்த மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பெய்த மழையை மண்ணில் தேக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளுக்குத் தருகின்றன. குன்னூர் ஆறு மலையிறங்கிப் பவானியில் கலக்கிறது. பவானிசாகர் அணை, கீழ்பவானி வாய்க்கால், ஈரோட்டு வயல்கள், கடைசியில் கூடுதுறையில் காவிரி. வெயிலில் நொறுங்கிய பிளாஸ்டிக் துகளும் இதே வழியில்தான் வருகிறது. ஊட்டியில் எறிந்ததைச் சமவெளியில் நாமே குடிக்கிறோம்.

நீலகிரி மக்களுக்கு இந்தக் கவலை நெடுநாளாக உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்தில், இந்த மாவட்டம் பிளாஸ்டிக் பைகளை விலக்கத் தொடங்கிவிட்டது. இன்று சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் இங்கே தடை; நிரப்பிக்கொள்ளக் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. 2022 முதல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்குள் பறக்க இருந்த பாட்டில் கடைக்கே திரும்புகிறது.

ஆனால் 14 வளைவுகளிலும் ஆள் நிறுத்திக் காவல் காக்க யாராலும் முடியாது. ஆகவே கோடைக்கு ஊட்டி கிளம்பும் நேயர்களே, மலைக்குச் செல்ல வேண்டிய இ-பாஸ் பதிவு செய்யும் அன்றே ஓர் எவர்சில்வர் பாட்டிலையும் துணிப்பையையும் எடுத்துவையுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். குழந்தை மிட்டாய் தின்றால் அந்தத் தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுபோன குப்பை உங்களோடே ஊர் திரும்பட்டும்.