மரை கழன்றதா, பேய் பிடித்ததா?

(தேவகோட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் சில வார்த்தைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். வார்த்தைகளைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை, இவன் பண்டிதனா என்று கேட்கலாம். நான் பண்டிதனல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இங்கிலீஷ், ஒரு கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு நானாகக் கற்றது. ருஷிய பாஷை ஓர் எழுத்தும் தெரியாது. என் தங்கை மகன் ருஷியாவில் ஆறு வருஷம் வைத்தியம் படித்து வந்திருக்கிறான். அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, "அந்த ஊரில் பைத்தியத்தை என்னவென்று சொல்லுவார்கள், புத்தியை என்னவென்று சொல்லுவார்கள்?" என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தவைதான் என் கையிலுள்ள காகிதம்.

முதலில் ஒரு வேடிக்கை. கண்ணுக்கு மறைந்தவரை மறந்துவிடுவதைப் பற்றி வெள்ளைக்காரன் சொல்லும்போது, "கண்ணுக்கு வெளியே போனால் புத்திக்கும் வெளியே" என்கிறான். ருஷியனோ, "கண்ணைவிட்டுப் போனால் இருதயத்தைவிட்டும் போச்சு" என்கிறான். விஷயம் ஒன்று, இருக்கிற இடம் வேறு. ஒருவன் தலையைத் தொடுகிறான், ஒருவன் மார்பைத் தொடுகிறான். நம்மவர்களோ புத்தி என்றால் தலையையும், மனசு என்றால் மார்பையும் தொட்டுக்கொள்கிறார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஆடவர்களை எதிர்பார்த்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். அவர்களைக் கேட்டால் தலையா மார்பா என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அவர்களை யார் கேட்டார்கள்?

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரியம் கெட்டபிறகு வருகிற அறிவுக்கு ருஷியாவிலே "பின்புத்தி" என்றே பெயர். "ருஷியக் குடியானவன் பின்புத்தியிலே பலசாலி" என்பது அவர்கள் பழமொழி. தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிறான். நம் நாட்டிலும் அந்தப் பின்புத்தி இருக்கிறது. ஆனால் அதை ஆண் பிள்ளை தன் தலையில் வைத்துக்கொள்ளாமல் பெண்ணின் தலையில் கட்டிவிட்டான். "பெண் புத்தி பின் புத்தி." பின்னால் வருவதை முன்னாலேயே யோசிக்கும் புத்தி என்றுதான் அதற்குப் பொருள் என்று இப்போது சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள். அப்படியானால் மனைவியைத் திட்டும்போது மட்டும் அந்தப் பழமொழி ஏன் வாயில் வருகிறது? ருஷியனும் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். "பெண்ணுக்குக் கூந்தல் நீளம், புத்தி கட்டை" என்று அவனும் சொல்லி வைத்திருக்கிறான். இந்த ஒரு விஷயத்தில் எல்லா தேசத்துப் பெரியோர்களும் ஒரே மடத்துச் சிஷ்யர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புத்தி கலங்கியவனைக் குறிக்கும் வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வம்சமாகப் பிரிகின்றன. ஒன்று பேய் வம்சம். நாம் "பேய் பிடித்திருக்கிறது" என்கிறோம். தகாத காரியம் செய்தவனை வெள்ளைக்காரன், "உன்னை எது பிடித்தது?" என்று கேட்கிறான். ருஷியாவிலே பிசாசுக்கு "பியெஸ்" என்று ஒரு பெயர். வெறிகொண்டு கத்துவதற்குச் சொல்லும் வார்த்தை அந்தப் பெயரிலிருந்தே பிறந்தது. இந்த வம்சத்துக்குப் பங்காளி சந்திரன். அமாவாசை வந்தால் பைத்தியம் முற்றும் என்கிறோமே, அதே கதைதான் "லூனசி" என்ற இங்கிலீஷ் வார்த்தையிலும் இருக்கிறது. "லூனா" என்றால் லத்தீனில் சந்திரன். வேடிக்கை என்னவென்றால், இந்திய சர்க்கார் 1912இல் சந்திரன் பெயரிலேயே ஒரு பைத்தியச் சட்டம் போட்டது. 1987இல் வேறு சட்டம் செய்து, அது 1993இல் அமலுக்கு வருகிறவரை சந்திரன்தான் ஆட்சி செய்தான்!

மற்றொன்று திருகாணி வம்சம். நாம் "மரை கழண்டவன்" என்கிறோம். வெள்ளைக்காரன் "திருகாணி தளர்ந்திருக்கிறது" என்கிறான். அந்தத் தளர்ச்சிக்கு அவன் சொன்ன "லூஸ்" என்ற வார்த்தைதான் நம் தெருப்பிள்ளைகள் வாயில் "லூசு" ஆயிற்று. ருஷியன் "தலையிலே ஒரு திருகாணி குறைகிறது" என்கிறான். மூன்றும் பரிகாச வார்த்தைகள்தான், மனிதனைக் கேவலப்படுத்துகிற வார்த்தைகள்தான். அவற்றை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனாலும் அவற்றிலே ஒரு நியாயம் இருக்கிறது. மரை கழண்டது என்றால் தலைக்குள் ஏதோ ஓர் இயந்திரம் இருக்கிறது, அது பழுதாகும் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. பழுதானால் திருப்புளியைத் தேடுவான். பேய் என்றால் வேப்பங்குழையையும் சாட்டையையும் தேடுவான்.

தேடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. என் சின்னம்மா பிள்ளை பெற்ற பத்தாம் நாள், "எனக்குத் தலைக்குள் என்னமோ செய்கிறது, தூக்கம் வரவில்லை, என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று தானே சொன்னாள். "பெண் புத்தி! பிள்ளை பெற்றவள் எல்லாரும் இப்படித்தான்" என்றார்கள். நாலு நாள் கழித்துத் தனக்குத்தானே பேசினாள்; பிள்ளையைத் தன் பிள்ளையில்லை என்றாள். உடனே கோடாங்கி வந்தான். உடுக்கு அடித்தான். வேப்பங்குழையால் அடித்தான். பிறகு அவள் கூந்தலில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்து அறுத்தார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம்! நின்றது அவள் பேச்சு. கொல்லைப்புற அறையில் காலில் சங்கிலியோடு ஒன்பது வருஷம் இருந்து செத்தாள். அந்தச் சங்கிலியின் சாவியை எண்ணெய் போட்டு வைக்கும் வேலை எனக்கு. நானும் செய்தேன்.

வைத்தியம் படித்த பையனிடம் இதைச் சொன்னேன். பிரசவமானவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இருவருக்கு இப்படி வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், உடனே மருந்து கொடுத்தால் அனேகமாக எல்லாரும் தேறிவிடுவார்கள் என்றான். மேலே ஒன்றும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இது என் வீட்டுச் சமாசாரம் மட்டும் அல்ல. இராமநாதபுரத்துக்கு அப்பால் கடற்கரையில் ஏர்வாடி இருக்கிறது. முன்பு நாமும் அதே ஜில்லாக்காரர்கள்தான். அங்குள்ள தர்க்காவுக்கு எல்லா மதத்தாரும் புத்தி கலங்கியவர்களைக் கொண்டுபோய் விடுவது வழக்கம். சுற்றிலும் கொட்டகை போட்டுச் சில பேர் விடுதி நடத்தினார்கள். 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலை அப்படிப்பட்ட ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தது. ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். கட்டியவன் முஸ்லிமா, கட்டக் கொண்டுபோய் விட்டவன் இந்துவா என்று பார்க்க வேண்டாம். குணசீலத்துப் பெருமாள் கோவிலுக்கும் இதே நோயாளிகளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இந்தக் கேஸை எடுத்துக்கொண்டது. 2017ஆம் வருஷத்துச் சட்டத்தில், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதியாயிற்று.

ஆஸ்பத்திரி என்றாலும் நமக்குப் பரிகாசம். "கீழ்ப்பாக்கத்துக்குப் போ" என்கிறோம். சென்னையில் பைத்தியக்காரர்களுக்கு ஸ்தாபனம் ஏற்பட்டது 1794இல்; கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871இல். அந்தப் பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. லண்டனிலும் இதே கதை. 1247இல் பெத்லகேம் என்ற பெயரில் ஏற்பட்ட மடம் பைத்திய ஆஸ்பத்திரியாகி, ஜனங்கள் போய் வேடிக்கை பார்க்கிற இடமாகி, கடைசியில் "பெட்லம்" என்றாலே கூச்சலும் குழப்பமும் என்று ஆயிற்று. ருஷியாவில் பீட்டர்ஸ்பர்க் ஆஸ்பத்திரியின் சுவர் மஞ்சள். ஆகவே "மஞ்சள் வீடு". செக்காவ் 1892இல் "ஆறாம் நம்பர் வார்டு" என்று ஒரு கதை எழுதினார். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையே அந்த வார்டில் அடைத்து விடுகிறார்கள். அந்த வார்டின் பெயரும் அங்கே வசவாயிற்று. ஆக, மூன்று ஜாதியாரும் நோயாளியைப் பார்த்துப் பயந்து, வைத்தியம் நடக்கிற இடத்தைக் கேலி செய்து வைத்திருக்கிறோம். கேலிக்குப் பயந்தவன் என்ன செய்வான்? இராத்திரியிலே யாருக்கும் தெரியாமல் கோடாங்கியிடம் போவான். அங்கே போனால் கௌரவம் குறையாதல்லவா!

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "பேய் இல்லையென்றால், பேய் பிடித்தவள் வேறு குரலில் பேசுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். இந்தத் தேவகோட்டையில் பேய் பிடித்த எவளாவது ருஷிய பாஷையில் பேசியதுண்டா? ருஷியாவில் "பியெஸ்" பிடித்தவன் எவனாவது தமிழில் பேசியதுண்டா? நம்மூர்ப் பேய் எல்லாம் கிணற்றில் விழுந்த பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும், அடுத்த தெரு முனியாகவுமே இருக்கிறது. அது கேட்பதும் கருவாடும் சுருட்டும் கண்ணாடி வளையலும்தான். அவள் தலைக்குள் ஏற்கெனவே இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தையாவது அது பேசட்டும், பார்க்கலாம்.

இரண்டாவது சீட்டு பெயரில்லாமல் வந்திருக்கிறது. "எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், எங்கே போவது?" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எழுதியவர் யாரென்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பகுதி இருக்கிறது. அங்கே போக வெட்கமாயிருந்தால் 14416 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யலாம். 2022இல் ஏற்பட்டது, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் தனியாக வந்தாலும் சரி; பையனும் இங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவுடன் என் பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறேன்.