கல்லறை இல்லாத மாலுமிகள்



சென்ற வாரம் ஒரு மாலை வேளையில், சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் பேருந்துக்காகக் காத்து நின்றேன். அருகில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர், வானொலியில் அடுத்து எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வினவினார். "குக்ரி கப்பலின் நினைவுச் சின்னத்தைப் பற்றி, தம்பி" என்றேன். "கடலே இல்லாத நம் ஊரில் கப்பலைப் பற்றி எதற்கு ஐயா?" என்று சிரித்தார். விடை கூறுவதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவருக்குக் கூற நினைத்ததை உங்களுக்குக் கூறுகிறேன்.

1971-ஆம் ஆண்டில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அரபிக் கடலில் உலவிய பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி, 'குக்ரி', 'கிர்ப்பாண்' என்னும் இரு போர்க்கப்பல்கள் சென்றன. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு. தேடச் சென்ற கப்பலே இலக்காயிற்று. 'ஹங்கோர்' என்ற அந்த நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. டையூ தீவிலிருந்து ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவில், சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. அந்தப் போரில் நாம் இழந்த போர்க்கப்பல் அது ஒன்றே.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தம் உயிர்காப்புச் சட்டையை மாலுமி ஒருவருக்கு அளித்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? கோரக்பூர்! திருச்சியைக் காட்டிலும் கடலுக்கு எத்தனையோ தொலைவு. கடலில் உயிர் நீத்தவர் எல்லாரும் கடற்கரையில் பிறந்தவர் அல்லரே!

முல்லாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளிவந்தது. தக்க சிறப்புத்தான். ஆயினும் அன்று மாண்டவர்கள் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் ஆவர். எஞ்சின் அறையிலும் சமையற்கட்டிலும் பணிபுரிந்தவர்களுக்குத் தனித்தனியே அஞ்சல் தலை ஏது? அவர்களை எங்கே சென்று நினைப்பது?

போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுத்தவர் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்து, நீரில் ஆட்டி, நட்டு, வாழ்த்தும் முறைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. உடலே கரை சேராதவனுக்கு எங்கே கல் நடுவது? வீட்டார்க்கு ஈமக்கடன் செய்யவும் வழியில்லை. ஒருநாள் திரும்பி வருவான் என்று வாயிலையே பார்த்திருந்த தாய்மாரும் இருந்திருப்பார்கள்.

இக்குறையை ஒருவாறு நீக்கியது டையூவில் 1999-இல் எழுந்த நினைவுச் சின்னம். கடலை நோக்கிய மேட்டில், கண்ணாடி மாடத்துள் குக்ரியின் உருவமாதிரி நிற்கிறது. சின்னம் எழ 28 ஆண்டுகள் ஆயின. மிக நீண்ட காலம் என்றே நான் கருதுகிறேன். அதற்குள் எத்தனை பெற்றோர் மறைந்திருப்பர்!

பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பேரன் என்கிறோம் அல்லவா? கடற்படையிலும் அவ்வழக்கம் உண்டு. 1989-இல் பணியில் சேர்ந்த வேறொரு கப்பலும் 'குக்ரி' என்றே பெயர் பெற்றது. 32 ஆண்டுகள் உழைத்து 2021 டிசம்பரில் அது ஓய்வு பெற்றது. மறு மாதமே அதனை டையூவுக்கு அளித்தார்கள்.