டிராக்டர் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்! (வடபழனிக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



கொள்முதல் விலை, பயிர்க்கடன் என்று பேச வேண்டியவர்கள் வடபழனியில் வந்து பள்ளிக்கூடத்தைப் பற்றி எதுக்குப் பேசுறாங்க என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நெல்லுக்கு என்ன விலை என்று கோட்டையில் உட்கார்ந்து முடிவு செய்வது யார்? எந்த ஏரியைத் தூர்க்கலாம், எந்த நஞ்சையை எடுக்கலாம் என்று கோப்பில் கையெழுத்துப் போடுவது யார்? நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளை இன்றைக்கு இந்த ஆற்காடு சாலைப் பக்கம் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறது. அது டிராக்டரை எங்கே பார்த்திருக்கும்? ஏவிஎம் ஸ்டுடியோ இருக்கிற ஊராச்சே, சினிமாவில் கதாநாயகன் ஓட்டிப் பார்த்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறோம். நகரத்து ஆரம்பப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு டிராக்டர் வரட்டும். அதை ஓட்டுகிற விவசாயியும் கூட வரட்டும். அன்றைக்குக் கணக்கு, தமிழ், அறிவியல், சமூகம் எல்லாப் பாடமும் அந்த வண்டியை வைத்தே நடக்கட்டும்.

நடக்குமா என்றால், தாராளமாக நடக்கும். கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கள். கயிற்றைப் பிரித்துத் தரையில் நீட்டினால் சுமார் 14 அடி வரும். முன் சக்கரத்தின் கயிறு ஏழரை அடி போல வரும். பெரிய சக்கரம் ஒரு சுற்று போனால் சின்னது ஏறக்குறைய இரண்டு சுற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிது சிறிது. ஐந்தாம் வகுப்புக்கு விட்டம், சுற்றளவு. இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று மனப்பாடம் செய்கிறதைக் கையால் தொட்டுப் பார்த்துவிடும்.

அடுத்தது நிலம். வடபழனிப் பிள்ளைக்குக் 'கிரவுண்டு' தெரியும், வீட்டில் தினம் அந்தப் பேச்சுதான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய அளவு காணி. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி, ஆக 57,600 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், சரியாக 24 கிரவுண்டு! நீங்கள் வீட்டுமனைக்குச் சொல்கிற அளவும் எங்கள் வயல் அளவும் ஒரே கணக்கில் பிறந்தவை. இன்றைய தியாகராய நகர் இருக்குமிடத்தில் 1920கள் வரை ஏரி கிடந்தது என்று அதோடு சேர்த்துச் சொன்னால் சமூகப் பாடமும் ஆயிற்று.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. டிராக்டர் கடன் 5 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷ வட்டி 50,000. உழவு வாடகை மணிக்கு 1,000, அதில் டீசலுக்கு 400 போகிறது. வட்டியை மட்டும் கட்ட எத்தனை மணி நேரம் உழ வேண்டும்? 84 மணி நேரம். அசல் அப்படியே நிற்கும். மழை பெய்யாத வருஷம் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். 2016-ல் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்ததை ஊரெல்லாம் வீடியோவில் பார்த்தோமே, அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

அறிவியலுக்குச் செலவே இல்லை. டீசல் என்ஜினில் தீப்பொறி வைக்கிற பிளக் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சைக்கிள் பம்ப்பை வேகமாக அடித்துவிட்டு அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது என்று சொன்னால் திண்டிவனத்துக் கடலை விவசாயிக்கே ஆச்சரியமாக இருக்கும். சேற்று உழவுக்கு ஏன் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறோம், மெரினா மணலில் சைக்கிள் ஏன் புதைகிறது, இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

தமிழ்ப் பாடத்தில் நுகத்தடி, மேழி, கொழு, ஏர்க்கால் என்று மாட்டோடு போன சொற்களை ஒரு பக்கம் எழுதலாம். ஐந்து கொத்து, ஒன்பது கொத்து, சட்டிக் கலப்பை என்று வந்தவற்றை மறுபக்கம் எழுதலாம். சால் என்ற சொல் இரண்டு பக்கத்திலும் நிற்கும். மாடு போனபோது மாட்டுக்காரருக்கும் ஏர் ஓட்டின கூலியாளுக்கும் வேலை போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிராக்டர் எங்களுக்குச் சாமி இல்லை.

இது புதுசும் இல்லை. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் சொன்ன ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றிக் கற்பிக்கச் சொன்னது. அன்றைக்குத் தக்கிளி, இன்றைக்கு டிராக்டர். 2003-ல் இதே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு தமிழகம் முழுக்கப் போனது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. அட்டையும் பாட்டும் ஆட்டமும் வகுப்புக்குள் வந்தாயிற்று. வாசலில் ஒரு வண்டி நிற்க இடமில்லையா?

ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். "குலக்கல்வியைக் கொல்லைப்புறமா கொண்டு வர்றீங்களா?" 1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றார். பெரியார் எதிர்த்தார், நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது குப்பைக்குப் போனது. நல்லதாயிற்று. அது போகாவிட்டால் எங்களில் பாதிப் பேர் இந்தத் துண்டறிக்கையைப் படிக்கவே தெரியாமல் இருந்திருப்போம். உழவன் பிள்ளையை ஏருக்கு அனுப்பியது அந்தத் திட்டம். எங்கள் பிள்ளை டாக்டராகட்டும், கலெக்டராகட்டும். உங்கள் பிள்ளைக்கு உழவு தெரியட்டும் என்றுதான் நாங்கள் கேட்கிறோம். உழத் தெரிய வேண்டாம், உழவைத் தெரிந்தால் போதும்.

டில்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் டிராக்டர் டிரெய்லரிலேயே குடியிருந்தார்கள். 'டிராலி டைம்ஸ்' என்று பத்திரிகை நடத்தினார்கள். அக்கம்பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் பாடமும் நடந்தது. 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. அப்போது இந்த நகரத்திலேயே, "டிராக்டர் வச்சிருக்கிறவன் ஏழையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்த 84 மணி நேரக் கணக்கைச் சின்ன வயசில் போட்டிருந்தால் கேட்டிருப்பார்களா?

பாதுகாப்பு பற்றித் தாய்மார்கள் கேட்டீர்கள். வண்டி நிற்க வேண்டும், என்ஜின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும், சாவி ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். மட்கார்டில் ஒரு பிள்ளையும் உட்காரக் கூடாது, எங்கள் கிராமங்களிலும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

டீசல் செலவையும் ஓட்டுநரின் ஒரு நாள் கூலியையும் கல்வித்துறை தர வேண்டும், பாட அட்டைகளை ஆசிரியர்களும் விவசாயிகளும் சேர்ந்து எழுத வேண்டும் என்று மனுவில் கேட்டிருக்கிறோம். மனு மேடைக்கு இடது பக்கம் மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை படிக்கிற பள்ளியின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.