யார் சொல்லி வந்தே?



வேலை கேட்டு ஒரு பையன் கடையேறி வருகிறான். முதலாளி முதலில் என்ன கேட்பார்? "என்னப்பா படிச்சிருக்கே?" என்றா? இல்லை. "யார் சொல்லி வந்தே?" என்பார். அதற்குச் சரியான பதில் இருந்தால் மற்ற கேள்விகள் சுருங்கிவிடும். இல்லையென்றால் அந்தப் பையன் பிளாஸ்டிக் உறையிலிருந்து மார்க் ஷீட்டை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரையொட்டிய பகுதியில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து, எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். 1973-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதோ பார்க்கிறவர்தான் வேலை சொல்லியிருக்கிறார். யோசித்தால் நியாயம்தான். வீட்டு ஆளுக்குத் தெரிந்த இடமெல்லாம் நமக்கும் தெரியும். தூரத்துப் பழக்கத்துக்குத்தான் நாம் கேள்விப்படாத இடம் தெரியும்.

ஆனால் ஒன்று. அங்கே வேலை தேடியவருக்குத் தகவல் கிடைத்தாலே போதும். நம் தெற்கத்திப் பையனுக்குத் தகவல் போதாது, பொறுப்பேற்க ஆள் வேண்டும். பொறுப்பு என்று வந்துவிட்டால் சொந்தமும் சாதியும் கோயிலும் கூடவே வந்துவிடும்.

விருதுநகர் வணிகர்களான உங்கள் முன் நின்றுகொண்டு மகமையைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டை கட்டினார்கள். மாட்டுவண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க ஓர் இடம். அங்கே வந்து விற்கிற சரக்கில் இவ்வளவு என்று மகமை. அந்தப் பணத்தை உறவின்முறை என்ற சமூகச் சங்கம் வைத்துக்கொள்ளும், முறைகாரர் முறைபோட்டுக் கணக்குப் பார்ப்பார். அதில் கிணறு வந்தது, கோயில் வந்தது, 1889-இல் இந்த ஊரில் சத்திரிய வித்யாசாலை வந்தது. சமைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசியும் பள்ளிக்குப் போனது. அரிசி போட்டவர்கள் பெண்கள், கணக்கெழுதி முறை பார்த்தவர்கள் ஆண்கள். இதையும் ஒருமுறை சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

இதில் சாமி எதற்கு என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்கலாம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் விடை எளிது. அம்மன் பேரில் இருக்கிற பணத்தில் கைவைக்க யாருக்கும் கை நடுங்கும். பங்குனிப் பொங்கலுக்கு வராத ஆளைப் பற்றி ஊர் விசாரிக்கும். விசாரிக்கிற ஊரில் கடன் கொடுத்தவன் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். பக்தி உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பக்தி வட்டியில்லாத ஜாமீனாகவும் வேலை செய்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கமுதிக் கோயிலுக்குள் இதே மக்கள் நுழைந்ததை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-இல் இவர்கள் தோற்றார்கள். 1899-இல் சிவகாசியில் கலவரம், தீவைப்பு. ஊர்க் கதவு சாத்தப்பட்டதால்தான் இவர்கள் தங்களுக்கென்று ஒரு வாசல் கட்டிக்கொண்டார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி; இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். நாடார்கள் மட்டுமல்ல, வாணியம்பாடியில் தோல் வணிகம் செய்த முஸ்லிம் பெரியவர்கள் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினார்கள். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா, கிறித்தவப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அவர்கள் கையில் நாலு காசு புரளவைத்தார். மதம் வேறு, சரக்கு வேறு, வழி ஏறக்குறைய ஒன்று.

சென்னையில் ஓர் அண்ணாச்சி கடைக்குள் கொஞ்சம் போய்வருவோம். ஊரிலிருந்து சித்தப்பா கூட்டிவந்து விட்ட பையன் முதலில் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொள்கிறான். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, துவரம்பருப்பைப் போட்டு, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, நாலு சுற்றுச் சுற்றி, விரலாலேயே அறுக்க வேண்டும். அப்புறம் எடை, அப்புறம் சிட்டை, கடைசியில்தான் கல்லா. சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் கைக்கு வராது, முதலாளியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதுவே அடுத்த தெருவில் அவனுடைய சொந்தக் கடைக்கு முதலாக இறங்கும். எந்தப் பத்திரமும் எழுதிக்கொள்ளாமல் இது நடந்தது. ஏமாற்றினால் இரண்டு பேருமே ஊர்க் கொடையில் தலைகாட்ட முடியாது. வேலை நேரம், லீவு, அடி உதை என்று அந்தப் பையன்கள் பட்ட பாட்டை யாரும் கணக்கெழுதவில்லை என்பதும் உண்மை.

சரி, சொந்தம் கைகொடுக்கிறது. யாருக்கு? திருப்பூருக்குப் போவோம். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் அங்கே பனியன் ஏற்றுமதி நிறுவனங்களை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாருக்குச் சொந்தக்காரர்களின் பணம் தாராளமாகக் கிடைத்தது; அதிக முதலோடு தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள், ஆனால் அவர்களுடைய ஏற்றுமதிதான் வேகமாக வளர்ந்தது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, முகத்தைத் தேடிப் போயிருக்கிறது. நஷ்டம் வெளியூர்க்காரருக்கு மட்டுமா? அதே பணத்தை அவரிடம் கொடுத்திருந்தால் கொடுத்தவருக்கும் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அழைப்பைவிடத் தலித் பெயருக்குக் குறைவு, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. "யார் சொல்லி வந்தே?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பெயரே பதில் சொல்லிவிட்டது. இப்படிப் பெயர் பார்த்து அழைத்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்த முகத்தை எடுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுலபத்துக்கு விலை கொடுத்தது வேறு ஆள்.

இந்த ஊர்ப் பிள்ளை ஒருவரின் கதை உங்களுக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்ட காமராஜரைத் தாய்மாமன் துணிக்கடையில் உட்காரவைத்தார்கள். அரசியல் கூட்டம் கூட்டமென்று அலைகிறானே என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். சொந்தம் இரண்டு முறை வேலை கொடுத்தது, இரண்டிலும் அவர் தங்கவில்லை. 1954-இல் முதலமைச்சரான பிறகு ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதியச் சோறும் போட்டார். சத்திரிய வித்யாசாலை மகமையால் வந்தது. இந்தப் பள்ளிகள் எல்லோருடைய வரியாலும் வந்தவை. அந்த வாசலில் நின்ற பிள்ளையிடம் யாரும் மாமன் பெயரைக் கேட்கவில்லை.

மகமையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள். ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். உங்கள் கடையில், மில்லில், குடோனில் ஆள் தேவைப்படும்போது சொந்தக்காரருக்குப் போன் போடும் அன்றே நூலக வாசலிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், யாரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வரி போதும். அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, சிபாரிசோடு வருகிறவனுக்குக் கொடுக்கிற அதே பதினைந்து நாளைக் கொடுத்து வேலை வாங்கிப் பாருங்கள். அந்தத் தாளை ஒட்டும் பலகைக்கு இடம் தருவதாக நூலகர் ஒப்புக்கொண்டுவிட்டார். பலகைச் செலவை வணிகர் சங்கம் ஏற்குமா என்பதைத் தலைவர் தம் முடிவுரையில் சொல்லட்டும்.