ஆடலும் ஊதியமும்



சென்ற ஆண்டு வைகாசித் திங்களில் ஒரு மாலைப்பொழுது. திண்டிவனத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நிலக்கடலை மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக் குடும்பம் நடத்துபவர், நயமான மனிதர். மகள் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். ஏழு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஞாயிறுதோறும் விழுப்புரத்திற்குச் சென்று பரதநாட்டியம் பயின்றவள். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். அந்த உழைப்பை நான் கண்ணால் கண்டவன்.

"ஐயா, இவள் நடனத்தையே பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டும் என்கிறாள். படித்து முடித்து ஆடியே பிழைப்பேன் என்கிறாள். தாங்கள்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார் தந்தை.

"இங்கிலாந்தில் இதற்கென்றே பட்டம் தருகிறார்கள், தாத்தா. கமர்ஷியல் டான்ஸ் என்று பெயர். மேடைக்கும் திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் ஆடக் கற்றுத் தருகிறார்கள். தேர்வுக்கு எப்படிப் போவது, ஒப்பந்தம் எப்படிப் போடுவது என்பதும் அங்கே பாடம்" என்றாள் அவள்.

தந்தையின் முகம் சுருங்கியது. "ஆடுவதில் எனக்கு வருத்தமில்லை ஐயா. கோயிலில் ஆடட்டும், சபையில் ஆடட்டும். காசு வாங்கிக்கொண்டு ஆடுவது என்றால், நாளைக்கு உறவினர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

அவருக்கு நான் உடனே மறுமொழி கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. அதன் காரணத்தை முதலில் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தந்தையார் செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தெருக்கூத்து ஆடியவர். ஆடவரே பெண் வேடமும் தாங்கிய காலம் அது. அவர் திரௌபதி வேடம் கட்டுவார். 1974ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சிக்கு நான் விண்ணப்பம் எழுதியபோது, தந்தையின் தொழில் என்னும் இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். எங்களுக்கு அரைக்காணி நிலம் இருந்தது. ஆகவே அது முழுப் பொய் அன்று. ஆனால் என் பயிற்சிக்குக் கட்டிய பணம் நிலத்தில் விளைந்ததும் அன்று, இரவுகளில் விளைந்தது. விண்ணப்பத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அந்த வரி வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கணுக்காலில் சலங்கை கட்டிக் காய்த்துப் போன தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆகவே நண்பரின் நாணத்தைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஆயினும் அந்த நாணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய எனக்குக் கடமை உண்டு.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவி ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும், அரங்கின் அளவுகளையும் அடிகள் வகுத்துக் கூறுகிறார். ஒரு பாடத்திட்டத்தையே வகுத்தது போலத் தோன்றும். அரங்கேற்றத்தின் முடிவில் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் அவளுக்குக் கிடைக்கின்றன. ஆடலுக்கு ஊதியம் என்பது நம் இலக்கியத்தில் ஒளிவு மறைவின்றிச் சொல்லப்பட்ட செய்தியே.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்தப் பொன்னுக்கு ஈடான மாலை நகர வீதியில் விலைக்கு நிறுத்தப்படுகிறது. மாலையை வாங்குபவன் மாதவியை அடைகிறான்; கோவலன் வாங்குகிறான். ஆடலின் விலை, ஒரே நாளில் ஆடுபவளின் விலையாகிவிடுகிறது. இந்த இரண்டு விலைகளும் பின்னிக் கிடந்ததுதான் பிற்காலத்துத் துயரத்திற்கெல்லாம் வேர் என்று நான் கருதுகிறேன். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதனைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மற்றொரு மாற்றமும் தொடங்கியிருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935ஆம் ஆண்டில் மேடையேறினார். மறு ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். சதிர் என்று வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரால் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்திற்குள் வந்தது. வந்தபோது 'நாங்கள் கலைக்காக ஆடுகிறோம். காசுக்காக அன்று' என்னும் ஒரு சொல்லும் உடன் வந்தது. அந்தச் சொல் பழியைத் துடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், ஆடுகிறவள் எதை உண்டு வாழ்வாள் என்னும் கேள்வியையும் அது சேர்த்துத் துடைத்துவிட்டது. இன்றும் மேடை ஏறுவதற்காகப் பக்கவாத்தியக்காரர்களுக்குத் தம் கைப்பொருளைச் செலவிடும் நடனமணிகள் எத்தனை பேர்!

நடனத்திற்குப் பட்டம் என்பது உலகிற்கே மிகப் பழைய செய்தி அன்று. அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1926ஆம் ஆண்டில் மார்கரெட் டவ்ப்ளர் என்னும் அம்மையாரின் முயற்சியால் நடனத்தைப் பட்டப்படிப்பாக ஏற்றது. நம் மாநிலத்தில் கலாக்ஷேத்திரத்தின் நான்காண்டுப் பட்டயப் படிப்பு பெயர் பெற்றது. திருச்சியில் 1977ஆம் ஆண்டில் தோன்றிய கலைக்காவிரியில் பரதநாட்டியத்தில் இளங்கலைப் பட்டம் பெறலாம். இசைக்கும் கவின்கலைகளுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசு 2013ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. விழுப்புரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது.

அடவு, அபிநயம், நட்டுவாங்கம், தாளக் கணக்கு, நடன நூல்கள் இவையெல்லாம் நம் கல்விநிலையங்களில் செம்மையாகக் கற்பிக்கப்படுகின்றன. பிழைப்புக்கு உரிய பாடமோ பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே, அடிபட்டுக் கற்றுக்கொள்ளும் பாடமாகவே இருந்துவருகிறது. அந்தப் பெண் இங்கிலாந்துப் பட்டத்தில் கண்டு மயங்கியது ஆட்டத்தின் புதுமையை மட்டும் அன்று. ஊதியத்தைப் பற்றி வெட்கமின்றிப் பேசும் அந்தத் துணிவையே என்று எனக்குப் பட்டது.

ஆனால் அந்தத் துணிவைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே அது இருக்கிறது. நண்பரிடம், "தம்பி, இப்போது எதுவும் கேட்காதே. வருகிற சனிக்கிழமை இரவு என்னோடு வா" என்றேன்.

செஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலெல்லாம் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடக்கும் ஊர். தந்தை, மகள், நான் மூவரும் சென்றோம். அன்றிரவு கர்ண மோட்சம். முகவீணையும் மத்தளமும் முழங்க, கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்ட கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டுச் சுழன்று சுழன்று ஆடினான். விடியும் வரை ஆடினான். அந்தப் பெண் இமை கொட்டவில்லை. "இவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு எப்படித் தாத்தா இப்படிச் சுழல்கிறார்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

பொழுது புலர்ந்தது. ஒப்பனையைக் கலைத்துவிட்டு ஜமாவினர் வேப்பமரத்தடியில் வட்டமாக அமர்ந்தனர். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசிய தொகை எவ்வளவு, அச்சாரம் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று வாத்தியார் உரக்கச் சொன்னார். பிறகு வேடத்திற்கு இவ்வளவு, மத்தளத்திற்கு இவ்வளவு, பின்பாட்டுக்கு இவ்வளவு என்று எல்லார் கண்ணெதிரிலும் எண்ணி வைத்தார். மண்டிக் கணக்கில் முடி நரைத்த என் நண்பர், அதுவரை உறக்கச் சடைவோடு இருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவரிடம் என் மனத்தில் உள்ளதைக் கூறினேன். என் தந்தையாரைப் பற்றியும், அந்த விண்ணப்பத்தைப் பற்றியும் கூறினேன். "தம்பி, ஆடலுக்கு விலை சொல்வது இழிவன்று. ஆடுபவருக்கு விலை வைப்பதுதான் இழிவு. இரண்டையும் பிரித்து வைப்பது எது? வெளிப்படையான பேச்சும் எழுத்தில் உள்ள ஒப்பந்தமும்தான். ஊதியத்தைப் பேச வெட்கப்படுகிற பெண்ணைத்தான் மற்றவர் எளிதில் ஏய்க்கலாம்" என்றேன்.

மகளுக்கும் சில சொற்கள் சொன்னேன். கேட்கும் பெற்றோர்க்கும் அவை பயன்படலாம். திரைப்படத்தில் ஆடுவோர் முறையான பயிற்சி இல்லாதவர் என்று எண்ணுவது பிழை. குழுவில் ஒருவராக நின்று ஆடத் தொடங்கி, நாடறிந்த நடன இயக்குநரான பிரபுதேவா பரதநாட்டியம் பயின்றவர். விழுப்புரத்தில் 1928ஆம் ஆண்டில் பிறந்த சிவாஜி கணேசனுக்கு நாடகக் கம்பெனியே கல்லூரி. ஆடலும் பாடலும் அவர் அங்கே கற்றவை. ஆகவே அடிப்படைப் பயிற்சியைக் கைவிடாதே.

உடல் இந்தத் தொழிலின் முதல். சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் ஆடினால் முழங்கால் வட்டியோடு திருப்பிக் கேட்கும். சேரப் போகும் கல்லூரியில் பயிற்சிக் கூடத்தின் தரையை முதலில் பார். முன்னர்ப் படித்தவர்கள் இன்று எங்கே ஆடுகிறார்கள், எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்று கேள். குழு நடனத்தில் இளமை உள்ள வரைதான் அழைப்பு வரும். அதன்பின் கற்பிக்கவும், நட்டுவாங்கம் செய்யவும், நடனம் அமைக்கவும் பட்டம் துணை நிற்கும். பணியிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டில் வந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடமாயினும் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். இதனை அடவுபோல மனத்தில் பதித்துக்கொள்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பேருந்து திண்டிவனத்தை நெருங்கியபோது, "அந்த வாத்தியார் கணக்கு நேராக இருந்தது ஐயா" என்றார். அவ்வளவுதான்.

ஆனித் திங்களில் அந்தப் பெண் நடனப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள், நம் மாநிலத்திலேயே. புறப்படும் நாளில் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். கையில் சலங்கைப் பை. அதனோடு சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்றும் இருந்தது. "அப்பா வாங்கிக் கொடுத்தார் தாத்தா. ஆடி வாங்குகிற முதல் காசிலிருந்து எல்லாவற்றையும் இதில் எழுத வேண்டுமாம்" என்றாள்.

முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். மண்டிக்காரருக்கே உரிய முத்து முத்தான எழுத்தில் மகளின் பெயர். அதன் கீழே 'தொழில்: நடனம்' என்று எழுதியிருந்தது. 1974ஆம் ஆண்டில் நான் எழுதத் துணியாத சொல்லை, என் மாணவர் எழுதிவிட்டார்.