கடைசல் பேனாவும் வேலை ஒழுங்கும்



பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் பழைய பெட்டியைத் திறந்தால், வெயில் பட்டுப் பழுப்பேறிய ஒரு கரிய பேனா கிடைப்பதுண்டு. ஊருக்குக் கடிதம் எழுதிய பேனா அது. என் தந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய பேனாவின் மூடி சென்ற ஆண்டு விரிசல் கண்டது. கடைக்காரர்கள் புதியது வாங்கிக்கொள்ளுமாறு கூறினர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பேனாவைக் கைவிட மனம் வரவில்லை. அதனைச் செப்பனிடப் புகுந்தபோது, பேனா கடையும் தொழிலின் நுட்பத்தைச் சிறிது அறிந்துகொண்டேன்.

இவை எபோனைட் என்னும் பொருளால் ஆனவை. இயற்கை ரப்பருடன் மிகுதியாகக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால், அது கொம்பைப் போல இறுகிவிடுகிறது. பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-ஆம் ஆண்டு தோட்டம் அமைந்த நாள்தொட்டு ரப்பர் நம் மலைச்சாரலுக்கு உறவான பயிராகும். ராஜமகேந்திரவரத்தில் ரத்தினம் என்பார் 1932-இல் பேனாத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935-இல் கடிதம் எழுதினார். பாலக்காட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன.

என் பேனாவை, பம்பு உதிரிகள் கடையும் எல்லைப்புற லேத் பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். பட்டறைக்காரர் அனுமதியுடன் நானே ஓர் எபோனைட் துண்டைக் கடைந்து பார்த்தேன். வெளிப்புறத்தை அழகுற வழித்துவிட்டுப் பின்னர்த் துளையிட்டேன். சுவர் மெலிந்து உடைந்தது. இரண்டாம் துண்டும் அவ்வாறே ஆயிற்று. “உள்வேலையை முடிச்சுட்டு வெளியே வாங்க, சார்” என்றார் அவர்.

அவர் காட்டிய வரிசை இது. முதலில் மூடி, தண்டு, கழுத்து ஆகிய மூன்றுக்கும் சிறிது கூடுதல் நீளம் விட்டுத் துண்டுகளை அறுத்தல். முனைகளைச் சமன் செய்தல். மெல்லிய துளையிட்டுப் பின்பு அகலப்படுத்தல். துளைக்கும்போது அடிக்கடி டிரில்லை வெளியே இழுத்துத் தூளை உதற வேண்டும். இல்லையேல் எபோனைட் சூடேறிக் கந்தக நாற்றம் எழும், அளவும் பிசகும். அதன் பின் உள்மரை. அதற்குப் பொருந்துமாறு வெளிமரை. மூடியையும் தண்டையும் ஒன்றாகத் திருகிய நிலையிலேயே வெளிப்புறம் கடைய வேண்டும். அப்போதுதான் இணைப்பில் படி விழாது. இறுதியில் உப்புத்தாளைப் படிப்படியாக மென்மையாக்கித் தேய்த்து மெருகேற்றுதல்.

பத்துப் பேனா செய்ய வேண்டுமாயின், ஒவ்வொன்றாகத் தொடங்கி முடிப்பதில் உளியை மாற்றுவதிலும் அளவு பொருத்துவதிலுமே பொழுது போய்விடும். ஆதலின் பத்து மூடிகளுக்கும் ஒரே அமைப்பில் துளையிட்டு, டிரில்லில் ஆழத்திற்கு ஓர் அடையாளமும் இட்டுக்கொண்டால், அமைப்பை ஒருமுறை மாற்றினால் போதும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு: அளவு தவறினால் பத்தும் வீணாகும். எனவே முதல் துண்டை அளவுகோல் கொண்டு சோதித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். மூடிக்கும் அதன் தண்டுக்கும் ஒரே எண்ணிட்டு வைத்தால் இணை மாறாது.

இவ்வாறு மிச்சமாகும் பொழுதெல்லாம் ஒரு வேலைக்கு உரியது. சிறுவயதில் நாம் நாக்கட்டை என்று சொன்ன உறுப்பை நிப்புக்கு இணைத்து, மை சீராக இறங்குமாறு செய்வதற்கு ஒழுங்கும் வேகமும் மட்டும் போதா. ஒவ்வொரு பேனாவாக எழுதிப் பார்த்தே அதனைச் சரிசெய்ய வேண்டும். அச்சில் வார்த்த மலிவுப் பேனாக்களுடன் போட்டியிடும் கைவினைஞர் துளைப்பதிலும் மரையிடுவதிலும் பொழுதை இழப்பாராயின், இதற்கு நேரம் எங்கிருந்து வரும்? கூலி கட்டாது, இளைஞரும் இத்தொழிலுக்கு வாரார்.

என் தந்தையார் பேனாவுக்குப் புதிய மூடி கிடைத்துவிட்டது. நிறம் சற்று வேறாயினும் மரை இறுகப் பிடிக்கிறது. அதைக்கொண்டே இப்பேச்சை எழுதினேன். தங்கள் பெட்டியிலும் அத்தகைய பேனா இருக்குமாயின், அதனை எடுத்துக் கழுவி மை ஊற்றிப் பாருங்கள்; தங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்து ஒரு வரி தமிழ் எழுதச் சொல்லுங்கள்.